பழுதுற்ற படங்களைப் பழுதின்றி மீட்போம்

(பினாங்கு, ஜார்ஜ் டவுனில் தோட்டப்புறப் பெற்றோரும் இளைஞரும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



ஒரு கேள்வியோடு என் உரையைத் தொடங்க விரும்புகிறேன். இரவு நேரம். ஆற்று வெள்ளம் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. பிள்ளைகளையும் முதியோரையும் மேட்டு நிலத்திற்கு அனுப்பியாயிற்று. இன்னும் ஒரே ஒரு பொருளைக் கையில் எடுத்துக்கொள்ள நேரம் இருக்கிறது. எதை எடுத்துக்கொள்வீர்கள்?

பணியின் பொருட்டுச் செல்லும் தோட்டங்களில் இக்கேள்வியை நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். நகையை எடுப்பேன் என்பார் சிலர். அடையாளக் கார்டையும் பிறப்புப் பத்திரத்தையும் எடுப்பேன் என்பார் சிலர். இரண்டுமே அறிவுடைய விடைகள்தாம். ஆனால், ஒருமுறை கெடாவிலுள்ள தோட்டமொன்றில் ஒரு மூதாட்டியார் சற்று நேரம் யோசித்துவிட்டு, "சுவரில் மாட்டியிருக்கிற அவர் படத்தை எடுப்பேன் ஐயா. நகையை மறுபடி வாங்கலாம். கார்டை மறுபடி போட்டுக் கொடுப்பார்கள். அவர் படத்தை யார் கொடுப்பார்கள்?" என்று கேட்டார். அங்கிருந்தோர் எவரும் சிறிது நேரம் வாய் திறக்கவில்லை.

அந்த அம்மையாரின் கேள்விக்கு என்னால் இயன்ற விடையைச் சொல்வதே இன்றைய என் உரையின் நோக்கமாகும்.

வெள்ளமும் கடற்கோளும் நமக்குக் கதைகள் அல்ல. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடற்கோள் நம் நாட்டில் 68 உயிர்களைக் கொண்டு சென்றது. அவர்களுள் 52 பேர் இந்தப் பினாங்கு மாநிலத்தில் மாண்டவர்கள். 2017 நவம்பர் 4, 5ஆம் நாள்களில் பெய்த பெருமழையில் இம்மாநிலத்தின் பல பகுதிகள் நீரில் மூழ்கின. 2021 டிசம்பரில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் நம்மவர் குடும்பங்கள் பல மாடியிலும் கூரையிலும் நின்று உயிர் தப்பியதைத் தொலைக்காட்சியில் கண்டோம். நீர் வடிந்தபின் தெருவோரம் குவிந்து கிடந்த பொருள்களிடையே ஊறிப்போன படத்தொகுப்புகளும் கிடந்திருக்கும். வெள்ளம் வராத வீட்டிலோ ஈரக்காற்றும் கறையானும் ஓயாது அதே வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன.

கடல் கடந்தவர்களின் சாட்சி

பெருமக்களே, ஒரு குடும்பத்திற்குப் புகைப்படம் என்ன பொருள் தருகிறது என்பது அக்குடும்பத்தின் வரலாற்றைப் பொறுத்தது. நிலமும் வீடும் பத்திரமும் தலைமுறை தலைமுறையாய்க் கைமாறி வரும் குடும்பத்திற்கு, பாட்டன் வாழ்ந்தார் என்பதற்குச் சான்றுகள் பல உண்டு. நம் நிலைமை அவ்வாறு இருந்ததில்லை. நம் முன்னோரில் பலர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறி, இந்தப் பினாங்குத் துறைமுகத்தில் இறங்கியவர்கள். 1926 முதல் 1973 வரை ஓடிய ரஜூலாக் கப்பலின் பெயரைக் கேட்டாலே இன்றும் நம் முதியோரின் முகம் மாறுகிறது. இறங்கியவர்களில் பலர் ஜெரெஜாக் தீவில் தடுத்து வைக்கப்பட்டு, நோயில்லை என்று கண்டபின் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுடைய தகரப் பெட்டியில் இரண்டு உடுப்பும் ஒரு சாமி படமும் இருந்தால் அதுவே பெரிது.

அவர்கள் வாழ்ந்த லயங்கள் தோட்டத்திற்குச் சொந்தம். ரப்பர் மரங்கள் சாய்க்கப்பட்டுச் செம்பனை வந்தபோதும், தோட்டங்கள் கைமாறி வீடமைப்புப் பகுதிகளாகியபோதும் லயங்களும் மறைந்தன. பல தோட்டங்களில் கோயிலும் இடம் மாறியது. எஞ்சியவை நினைவும் சில படங்களுமே.

அப்படங்களும் எளிதில் கிடைத்தவை அல்ல. தைப்பூசத்திற்கோ தீபாவளித் துணி எடுக்கவோ தோட்ட மக்கள் பட்டணம் வருவார்கள். படகேறித் தீவுக்கு வந்து, லெபோ குவீனில் 1833ஆம் ஆண்டு முதல் விளங்கும் மகா மாரியம்மனை வணங்கி, நம்மவர் கடைத்தெரு என்று வழங்கிய மார்க்கெட் தெருவைச் சுற்றிப் பார்த்தபின், கையில் காசு மிஞ்சியிருந்தால் ஒரு ஸ்டூடியோவுக்குள் நுழைவார்கள். பூந்தொட்டியும் மாளிகைத் தூணும் வரைந்த திரையின் முன்னே நாற்காலியில் ஒருவர் அமர, மற்றவர் நிற்பார். ஊரிலிருக்கும் தாய் தந்தையருக்கு அனுப்ப ஒரு படி, வீட்டில் வைத்துக்கொள்ள ஒரு படி. அதற்கும் வழியற்றவர்களுக்கு, 1948ஆம் ஆண்டு நாடு முழுவதும் அடையாளக் கார்டுக்காக எடுத்த சிறு படமே வாழ்நாளின் முதற்படமாயிற்று.

நான் செய்த தவறு

என் சொந்த அனுபவமொன்றை இவ்விடத்தில் கூறுவது பொருத்தமாகும். பிறருக்கு அறிவுரை கூற வந்தவன் முதலில் தன் பிழையை ஒப்புக்கொள்வதே முறை.

1941ஆம் ஆண்டுத் தைப்பூசத்திற்கு என் பாட்டனும் பாட்டியும் கைக்குழந்தையாயிருந்த என் தந்தையைத் தூக்கிக்கொண்டு பினாங்குக்கு வந்தார்கள். அன்று எடுத்த படம் ஒன்றே என் பாட்டனின் ஒரே படம். அதே ஆண்டு டிசம்பரில் இந்நகரத்தின்மீது குண்டுகள் விழுந்தன. 1943இல் பாட்டனைச் சயாம் மரண ரயில் பாதை வேலைக்குக் கொண்டு சென்றார்கள். தாய்லாந்திலிருந்து பர்மா வரை 415 கிலோமீட்டர் நீண்ட அந்தப் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் போனார்கள். திரும்பி வராதவர்களின் புதைகுழிகளில் பெயரெழுதிய கல் கிடையாது. என் பாட்டனும் திரும்பி வரவில்லை. எங்கள் வீட்டில் அவருக்குக் கல்லறையும் அந்தப் படந்தான்; திதியன்று விளக்கேற்றுவதும் அதன் முன்னேதான்.

லயத்துச் சுவரின் ஈரம் படத்தில் ஏறியது. கீழ்ப்பகுதியைக் கறையான் அரித்தது. 1998இல் நான் பயிற்சி ஆசிரியன். கையில் முதல் உதவித்தொகை வந்தது. பாட்டிக்குத் தெரியாமல் படத்தைக் கழற்றி, பட்டணத்துக் கடையொன்றில் கொடுத்தேன். கடைக்காரர் கணினியின் உதவியோடு அதைப் புதுப்பித்துப் பெரிதாக்கிக் கொடுத்தார். பளபளவென்று இருந்தது. கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்து, நெற்றியில் ஒரு சுருக்கமும் இன்றி, மாப்பிள்ளை போல அமர்ந்திருந்தார் என் பாட்டன். பெருமையோடு பாட்டியின் கையில் கொடுத்தேன்.

அப்போது பாட்டிக்கு வயது எண்பது. படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, "இது யாரப்பா?" என்று கேட்டார்.

"தாத்தா, பாட்டி" என்றேன்.

"உன் தாத்தாவுக்குப் புருவத்தின்மேல் வெட்டுத் தழும்பு உண்டு. மரம் சாய்க்கும்போது பட்டது. அது எங்கே? அவர் கோட்டுப் போட்டதே இல்லை. அன்றைக்கு ஸ்டூடியோக்காரர் கோட்டை எடுத்துக் கொடுத்தார். 'என் சட்டை போதும்' என்று சொல்லிவிட்டார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது."

பழைய படத்தைக் கொண்டுவா என்றார். நான் அதைக் குப்பையில் போட்டிருந்தேன். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பாட்டி காலமானார். அதற்குப் பின் அவர் ஒருமுறையும் அந்தப் புதிய படத்தின் முன்னே விளக்கேற்றவில்லை. வெறும் சுவரின் முன்னே ஏற்றினார்.

கடைக்காரர் தீங்கு நினைத்தவர் அல்லர். நான் கேட்டதைக் கேட்டதைவிட அதிகமாகச் செய்து கொடுத்தார். மீட்பதற்கும் மாற்றுவதற்கும் உள்ள வேறுபாட்டை அறியாதவன் நான்.

கடலுக்கு அப்பால் நடந்த தொண்டு

அந்த வேறுபாட்டை நன்கு அறிந்த தொண்டர்கள் உலகில் இருக்கிறார்கள் என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே அறிந்தேன்.

2005ஆம் ஆண்டு ஆகஸ்டில் கத்ரினா என்னும் புயல் அமெரிக்காவின் தென்கரையைத் தாக்கியது. அங்கே செய்திப்படம் எடுக்கச் சென்ற பத்திரிகைப் புகைப்படக்காரர்கள், மக்கள் சேற்றிலிருந்து தம் குடும்பப் படங்களைப் பொறுக்கி எடுத்துக் கண்ணீர் வடிப்பதைக் கண்டார்கள். அதன் விளைவாக 'ஆப்பரேஷன் ஃபோட்டோ ரெஸ்கியூ' என்னும் தொண்டமைப்பு தோன்றியது. அவர்களுடைய முறை எளிமையானது. பாதிக்கப்பட்ட ஊருக்குச் சென்று முகாமிடுவார்கள். மக்கள் கொண்டுவரும் படங்களை அங்கேயே கேமராவில் பதிந்துகொண்டு, அசல் படத்தை உடையவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பதிவுகளைப் பல ஊர்களிலுள்ள தொண்டர்கள் தத்தம் கணினியில் சீர்செய்வார்கள். சீரான படம் அச்சிடப்பட்டு இலவசமாக உடையவரின் வீட்டிற்கு அஞ்சலில் வந்து சேரும்.

2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் ஜப்பானின் வடகிழக்குக் கரையை நிலநடுக்கமும் கடற்கோளும் தாக்கி, 18,000க்கும் மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போயினர். இடிபாடுகளை அகற்றிய இராணுவத்தினரும் தீயணைப்பு வீரரும், சேற்றில் கிடந்த படங்களைக் குப்பையோடு தள்ளிவிட மனமின்றி எடுத்து ஓரிடத்தில் சேர்த்தார்கள். மியாகி மாநிலத்தின் யாமமோத்தோ என்னும் சிற்றூரில் மட்டும் ஏறத்தாழ 7,50,000 படங்கள் சேர்ந்தன. தொண்டர்கள் ஒவ்வொன்றாகக் கழுவி, உலர்த்தி, படம்பிடித்து, எண்ணிட்டு, உடையவர்கள் தேடி எடுத்துக்கொள்ள வழி செய்தார்கள்.

அதே கரையில் ஒஃபுனாத்தோ வட்டாரத்திற்குத் தொண்டராகச் சென்றார் பெக்கி மேன்சன் என்னும் ஆங்கிலப் பெண்மணி. விளம்பரப் படங்களுக்கு மெருகேற்றுவது அவர் தொழில். சாக்கடை தோண்டவும் இடிபாடு அகற்றவும் சென்றவர், அங்கே கழுவி வைத்திருந்த படங்களைப் பார்த்தபோது, தம் கைத்தொழில் எதற்குப் பயன்படும் என்பதைக் கண்டுகொண்டார். ஆறு மாதங்களில் தொண்டர்கள் கையால் தூய்மை செய்த படங்கள் 1,35,000. பல நாடுகளிலிருந்து 500க்கும் மேற்பட்டோர் கணினிச் சீரமைப்பில் உதவினர். 90 குடும்பங்கள் தம் படங்களை மீண்டும் பெற்றன. செலவின் பெரும்பகுதி அச்சு மைக்குத்தான் ஆயிற்று.

இதைப் படித்தபோது என் மனம் ஒரு கணம் தயங்கியது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. என் பாட்டனைச் சயாமுக்குக் கொண்டு சென்றது ஜப்பானிய இராணுவம். ஆனால், சேற்றில் கிடந்த தன் பேரனின் படத்தைத் தேடும் ஒரு ஜப்பானியப் பாட்டியும், வெறும் சுவரின் முன்னே விளக்கேற்றிய என் பாட்டியும் ஒரே துயரத்தைச் சுமந்தவர்கள் அல்லவா? படத்தைச் சீர்செய்த தொண்டர் எவரும் உன் நாடு எது, உன் சமயம் எது என்று கேட்கவில்லை.

நம் இனத்தின் பழம்படங்களைக் காக்கும் முயற்சியும் இல்லாமல் இல்லை. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவித் திட்டத்தின்கீழ், தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களில் கிடந்த படங்களையும் கண்ணாடித் தகடுகளையும் தேடிக் கணினியில் பதிவு செய்தார்கள். ஆனால், தோட்டத்து வீடுகளில் தொங்கும் படங்களை நாமே தேடாமல் வேறு யார் தேடுவார்?

மீட்பின் முறை

இளைஞர்களே, இனி நான் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில், படம் என்பது வெறுந்தாள் அன்று. தாளின்மேல் ஜெலட்டின் என்னும் மெல்லிய பசைப்படலம் இருக்கிறது. உருவம் அந்தப் படலத்திற்குள்தான் உறைந்திருக்கிறது. நனைந்தால் அது இளகும். நம் நாட்டு வெப்பத்தில் நுண்ணுயிர்கள் அதைத் தின்னத் தொடங்கும். ஆகவே நனைந்த படத்தைச் சுத்தமான குளிர்ந்த நீரில் மெல்ல அலசி, விளிம்பை மட்டும் பிடித்து, உருவம் மேல்நோக்கி இருக்குமாறு நிழலில் காற்றாட உலர்த்த வேண்டும். வெயிலில் வைத்தால் சுருளும்; துணியால் துடைத்தால் முகம் துணியோடு போய்விடும். பல படங்கள் நனைந்திருந்தால் அவற்றை அடுக்கி வைத்து உலரவிடாதீர்கள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இரண்டு நாள்களுக்குள் அலச நேரமில்லையெனில், நெகிழிப் பையிலிட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்துவிட்டுப் பிறகு பார்க்கலாம்.

சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்க ஒருபோதும் முயலாதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே படம்பிடியுங்கள். தாய்மார்கள் கவனிக்க வேண்டியது மற்றொன்று: பசை தடவிய தாள்களும் மேலே நெகிழி உறையும் கொண்ட ஆல்பங்கள் ஒருகாலத்தில் எல்லார் வீட்டிலும் இருந்தன. அந்தப் பசை ஆண்டுகள் செல்லச் செல்லப் படத்தை அரித்துக் கறையாக்குகிறது. பழைய படத்தை லேமினேட் செய்வதும் தீங்கே; பின்னொரு நாள் அதைப் பிரித்தெடுக்க இயலாது.

அடுத்தது பதிவு. ஸ்கேனர் இருக்குமானால், சிறிய படத்தை அங்குலத்திற்கு 600 புள்ளிகள் என்னும் அளவில் பதியுங்கள். கறுப்பு வெள்ளைப் படமாயிருந்தாலும் வண்ணத்திலேயே பதிய வேண்டும். காரணம் உண்டு. கணினியிலுள்ள வண்ணப்படம் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று படிவங்களின் சேர்க்கை. மஞ்சட் கறை நீலப் படிவத்தில் கறுப்பாகத் தெரியும். சிவப்புப் படிவத்தில் ஏறத்தாழ மறைந்துவிடும். அந்தச் சிவப்புப் படிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், பாதி வேலை தூரிகையைத் தொடாமலே முடிந்துவிடும்.

ஸ்கேனர் இல்லையா? கைப்பேசி போதும். படத்தைச் சன்னலோரம் சமதளத்தில் வைத்து, பக்கவாட்டில் பகல் வெளிச்சம் படும்படி, கைப்பேசியை நேர்மேலே சாயாமல் பிடித்து எடுங்கள். ஃபிளாஷ் வேண்டா. கண்ணாடி இருந்தால், கைப்பேசியின் நிழல் விழாமல் ஒரு கறுப்புத் துணியைப் பின்புறம் பிடித்தால் எதிரொளி மறையும்.

மூன்றாவது சீரமைப்பு. முதற்பதிவை அப்படியே பாதுகாத்து வைத்துவிட்டு, அதன் நகலொன்றில் மட்டுமே வேலை செய்ய வேண்டும். கிம்ப் போன்ற இலவச மென்பொருளே இதற்குப் போதுமானது. விரிசலுக்கு அருகிலுள்ள நல்ல பகுதியின் சாயலை எடுத்து விரிசலை நிரப்புவதுதான் அடிப்படை முறை. கிழிந்த வேட்டியை அதே வேட்டியின் நூல் கொண்டு தைப்பது போன்றது. பின்திரையிலும் உடுப்பிலும் தொடங்கி, கை பழகியபின் முகத்திற்கு வாருங்கள். பொறுமையுள்ள மாணவன் இக்கலையைச் சில வாரங்களில் பழகிக்கொள்ளலாம்.

எல்லை எங்கே?

இனி என் உரையின் மையத்திற்கு வருகிறேன். விரிசலை நிரப்பலாம், கறையை நீக்கலாம், மங்கியதைத் தெளிவாக்கலாம். ஆனால், முகத்தின் ஒரு பகுதியே அழிந்து போயிருந்தால் என்ன செய்வது?

அதே மனிதரின் வேறொரு படம் கிடைக்குமானால், அதைத் துணையாகக் கொள்ளலாம். கிடைக்காவிட்டால் நிறுத்திக்கொள்ள வேண்டும். இன்று செயற்கை நுண்ணறிவு கொண்ட செயலிகள் வந்துவிட்டன. அழிந்த முகத்தைக் கொடுத்தால் ஒரு நொடியில் முழு முகமாக்கித் தருகின்றன; கண் சிமிட்டவும் வைக்கின்றன. அவை எங்கிருந்து அந்த மூக்கையும் வாயையும் கொண்டுவருகின்றன? முன்னர் அவற்றுக்குக் காட்டிப் பழக்கிய எண்ணற்ற அந்நியர்களின் முகங்களிலிருந்து ஒரு பொதுச்சாயலை ஊகித்துத் தருகின்றன. அந்த ஊகம் அழகாயிருக்கும். அது உங்கள் பாட்டனாக இராது.

"பழைய ஸ்டூடியோக்காரர்களும் பென்சிலால் டச்சப் செய்தார்களே, அது தவறா?" என்று யாரேனும் கேட்கலாம். நல்ல கேள்வி. அன்று நாற்காலியில் அமர்ந்தவர் உயிரோடு இருந்தார். கோட்டு வேண்டும் என்றால் அணிந்தார். வேண்டா என்றால் மறுத்தார். என் பாட்டன் மறுத்தவர். அவர் மறுத்த கோட்டை, அவர் பேச முடியாத காலத்தில் அவர்மேல் போர்த்த நமக்கு என்ன உரிமை இருக்கிறது? தழும்பும் சுருக்கமும் மங்கிய சட்டையும் அவர் இந்த நாட்டில் உழைத்து வாழ்ந்ததன் அடையாளங்கள். அவற்றை அழித்தால் நாம் அழிப்பது அவருடைய வரலாற்றையே.

குடும்பத்தார் அழகுபடுத்திய படமும் வேண்டும் என்று விரும்பினால் செய்து கொடுங்கள், தடையில்லை. ஆனால், எது உள்ளபடி மீட்ட படம், எது அழகுபடுத்திய படம் என்று பின்புறத்தில் எழுதிக் கொடுங்கள். நாளை உங்கள் பேரன் ஏமாறக்கூடாது.

நாம் செய்யக்கூடியது

இவையெல்லாம் பெருஞ்செலவான காரியங்கள் என்று தயங்க வேண்டா. கோயில் வளாகத்தைக் கோத்தோங் ரோயோங் முறையில் துப்புரவு செய்பவர்கள் நாம். அதே முறையில் ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் படங்களுக்கென்று ஒதுக்கினால் போதும். சமூக நிலையத்திலோ தமிழ்ப்பள்ளி மண்டபத்திலோ நான்கு மேசைகள் போடுங்கள். முதல் மேசையில் பெயரும் படத்தின் விவரமும் எழுதப்படட்டும். இரண்டாவதில் தூசு தட்டிப் படம் பதியப்படட்டும். மூன்றாவதில் பெரியவர்களை அமர்த்தி, படத்திலிருப்பவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று கேட்டு ஓர் இளைஞர் எழுதிக்கொள்ளட்டும். நான்காவதில் அசல் படம் உரியவரிடம் கையெழுத்துப் பெற்றுத் திருப்பித் தரப்படட்டும். அசல் படம் ஒருநாளும் அந்த மண்டபத்தைவிட்டு வேறெங்கும் போகலாகாது. உரியவரின் சம்மதமின்றிப் படத்தைப் பிறருக்கு அனுப்பவும் கூடாது.

நான்கு மேசைகளிலும் முக்கியமானது மூன்றாவதே. கணினியால் விரிசலை நிரப்ப முடியும். பெயரை நிரப்ப முடியாது. பாட்டிமார் இருக்கும்போதே கேட்டு எழுதாவிட்டால், எவ்வளவு தெளிவான படமும் பெயர் தெரியாதவர் படமாகிவிடும். படத்தின் பின்புறம் விளிம்பில், மென்மையான பென்சிலால் மெல்ல எழுதுங்கள். பேனா மை ஊறி முன்புறம் வந்துவிடும். பதிவின் ஒரு படியைக் கணினியிலும், ஒரு படியைத் தனித்தட்டிலும், மற்றொரு படியை வேறோர் ஊரிலுள்ள உறவினர் வீட்டிலும் வையுங்கள். ஒரு வெள்ளம் ஒரே நேரத்தில் மூன்று வீடுகளுக்கு வருவது அரிது.

இந்த ஜார்ஜ் டவுன் 2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் உலக மரபுடைமை நகரமாக அறிவிக்கப்பட்டது. இங்கே ஒரு பழைய கட்டடத்தைச் சீர்செய்வோர், உள்ள சுவரை உள்ளபடி காக்க வேண்டும் என்னும் விதிக்குக் கட்டுப்படுகிறார்கள். சுவருக்கு அந்த மதிப்பு உண்டென்றால், அந்தத் தெருக்களில் நடந்த நம் முன்னோரின் முகத்திற்கும் அந்த மதிப்பு உண்டு.

முடிவாக

என் கதை இன்னும் முடியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் தந்தையார் காலமானார். அவர் பொருள்களை ஒழுங்குபடுத்தியபோது, பழைய பிஸ்கட் டின் ஒன்றில், தாளில் சுற்றி வைத்திருந்த அந்தப் பழைய படத்தைக் கண்டேன். 1998இல் நான் குப்பையில் போட்டதை அவர் ஒரு சொல்லும் சொல்லாமல் எடுத்து வைத்திருக்கிறார். என் மனம் நோகும் என்றோ, தாயிடம் கொடுத்தால் நிலைமை இன்னும் துயரமாகும் என்றோ எண்ணினார் போலும். பின்புறம் பென்சிலால், 'அப்பா. சயாம் போனவர்' என்று எழுதியிருந்தது.

கல்லூரியில் கணினி பயிலும் என் அக்காள் மகன் அதைப் பதிவு செய்தான். மூன்று வார இறுதிகள் உழைத்தான். கறை போயிற்று. விரிசல் போயிற்று. புருவத்தின்மேல் அந்தத் தழும்பு தெளிவாகத் தெரிந்தது. ஆனால், வாயும் மோவாயும் இருந்த இடத்தைக் கறையான் முழுதும் தின்றிருந்தது.

"மாமா, ஒரு செயலி இருக்கிறது. ஒரு நிமிடத்தில் வாயை வைத்துவிடலாம். வைக்கட்டுமா?" என்று கேட்டான்.

"யாருடைய வாயை?" என்று கேட்டேன். அவன் சிறிது நேரம் திரையையே பார்த்துவிட்டு, அந்த இடத்தில் வெறும் சாம்பல் நிறத்தை இட்டு நிறுத்தினான்.

இன்று அப்படம் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. பாதி முகந்தான். ஆனால், அது அவர் முகம். அதன் முன்னே இப்போது விளக்கு எரிகிறது. பாட்டிக்கு அதைக் காட்ட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

உங்கள் வீட்டில் பாட்டிமார் இன்னும் இருக்கக்கூடும். இன்று வீடு திரும்பியதும் சுவரில் உள்ள படத்தை ஒருமுறை அருகில் சென்று பாருங்கள். அவர்களை உடன் அழைத்து, படத்தில் இருப்பவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு வெள்ளம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.